ஊர் சுத்திப் பாத்த அமுக்குக் கல்லு

ஒரு ஊர்ல ஒரு கல்லு இருந்துச்சாம்.

ராஜா எங்கன்னு கேக்காதே. இந்தக் கதையில ராஜா கிடையாது. கல்லுதான். கறுப்பா, தட்டையா, ஒரு அடை அகலத்துக்கு. கையில எடுத்தா ஜில்லுன்னு இருக்கும். கொரியான்னு ஒரு தேசம், ரொம்பத் தூரம். அங்க கிழக்குக் கடலோரமா ஒரு சின்ன ஊரு. அந்த ஊர்ல ஒரு வீட்டுல, ஒரு ஜாடிக்குள்ள அந்தக் கல்லு உக்காந்திருந்துச்சு. ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

“ம்.”

ஜாடிக்குள்ள கல்லுக்கு என்ன வேலைன்னா, அமுக்கறது. அந்த ஊர்க்காரங்க நீளமா ஒரு கோஸ வாங்கி, உப்புப் போட்டு, மிளகாப்பொடி பூசி, பெரிய மண் ஜாடியில ஊறப் போடுவாங்க. கிம்ச்சின்னு பேரு. நமக்கு ஊறுகா மாதிரி அவங்களுக்கு அது. அது இல்லாம சோறு இறங்காது. ஆனா கோஸு தண்ணிக்கு மேல தலையத் தூக்கிடுச்சுன்னா பூஞ்சை பிடிச்சுடும். அதனால மேல ஒரு கல்ல வெச்சு அமுக்கிடுவாங்க. வருஷக்கணக்கா அந்தக் கல்லு அமுக்கிக்கிட்டே இருந்துச்சு. ஒரு வார்த்தை பேசல.

கல்லுக்குச் சொந்தக்காரி பேரு மல்சூன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்போது, பொறந்த ஊர்க் கரையிலேர்ந்து மடியில வெச்சுக் கொண்டு வந்தா. இந்த ஊர்க் கரையில மணல்தான் இருக்கு, ஒரு நல்ல கல்லு கிடைக்காதுன்னு அவ சின்னம்மா சொல்லி அனுப்பினாளாம். அது நிஜம்தான். மணல்தான் இருந்துச்சு.

மல்சூனுக்கு வேலை கணவாய் காயவைக்கறது. கணவாய்னா கடல்ல இருக்கும், எலும்பு கிடையாது, நிறையக் கால் இருக்கும். அதக் கீறி, கழுவி, கரையில நீளநீளமாக் கயிறு கட்டி, துணி காயப்போடற மாதிரி தொங்க விடணும். காத்து அடிச்சா எல்லாம் சளக் சளக்னு ஆடும். மத்தியானம் ஆனா ஒவ்வொண்ணாப் போய்க் காலப் பிரிச்சு விடணும். இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மழை வந்தா ஓடி ஓடி எடுக்கணும். கணவாய்க்கு லீவு கிடையாது. அதனால மல்சூனுக்கும் கிடையாது.

“ம்.”

அவ வீட்டுக்காரர் பேரு தொக்பே. அவருக்கு வேலை ஊரச் சுத்திக் காட்டறது. அந்த ஜில்லாவுல பாக்கறதுக்கு மூணு இடம். மலைக்குள்ள ஒரு புத்தர் கோயிலு. அதுக்குக் கீழ ஒரு பள்ளத்தாக்கு. அப்புறம் கடலப் பாத்தாப்பல செங்குத்துப் பாறை மேல ஒரு மண்டபம். இத மூணையும் பாக்கப் பட்டணத்துலேர்ந்து பஸ் பஸ்ஸா ஜனங்க வருவாங்க. தொக்பே கையில ஒரு மஞ்சக் கொடி வெச்சிருப்பார். பஸ்ஸுல முன் சீட்டுல உக்காந்து மைக்குல பேசுவார். இறங்கினா கொடியத் தூக்கிக்கிட்டு முன்னால நடப்பார். விறுவிறுன்னு நடப்பார். திரும்பிப் பாக்க மாட்டார். கொடியப் பாத்து வர்றது அவங்க பொறுப்பு.

ஊரே பாத்துட்டுப் போச்சு. ஜப்பான்காரங்க பாத்தாங்க. வெள்ளைக்காரங்க பாத்தாங்க. ஒருத்தர் நாய்க்குட்டிய இடுப்புல கட்டிக்கிட்டு வந்தார், நாய்க்குட்டி பாத்துச்சு. மல்சூன் பாக்கல.

கல்யாணமான புதுசுல தொக்பே சொன்னார், “மூணு இடமும் கூட்டிட்டுப் போறேன்.”

“எப்போ?”

“நாளைக்கு.”

அப்புறம் நாளைக்கு வந்துச்சு. அன்னிக்குக் கணவாய் நிறைய வந்துடுச்சு. அதுக்கு அடுத்த நாளைக்கு மழை. அப்புறம் இவங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்தா, வளந்தா, படிச்சா, பட்டணத்துல கல்யாணமாகிப் போயிட்டா. நாளைக்கு மட்டும் அப்படியே இருந்துச்சு. மல்சூன் கேக்கும்போதெல்லாம் தொக்பே, “போலாம், கணவாய யார் பாத்துக்கறது?”ன்னு கேப்பார். கேள்விதான், ஆனா பதில் மாதிரி இருக்கும்.

இதுல ஒரு சின்ன விஷயம். மண்டபத்துலேர்ந்து இறங்கி வர்ற ஜனங்க கரையில பஸ்ஸ நிறுத்திக் கணவாய் வாங்குவாங்க. வாங்கும்போது மல்சூனப் பாத்து ஒரு மாதிரி சிரிப்பாங்க. சில பேரு கை ஆட்டுவாங்க. ஒரு பொண்ணு ஒரு தடவ, “ஓ, இவங்கதானா?”ன்னு பக்கத்துல இருக்கறவனை இடிச்சா. மல்சூன் முகத்துல கணவாய் மை ஒட்டியிருக்கும்னு நினைச்சு முந்தானையால, இல்ல, அங்க முந்தானை ஏது, சட்டைக் கையால தொடச்சுப்பா. மையே இருக்காது. பட்டணத்துக்காரங்க அப்படித்தான்னு விட்டுடுவா.

அப்புறம் மல்சூனோட முழங்கால் பேச ஆரம்பிச்சுது. உக்காந்தா டொக். எழுந்தா டொக். ஊசி குத்தி வைத்தியம் பாக்கறவர்கிட்டப் போனா. அவர் முழங்காலத் தட்டிப் பாத்தார். காது வெச்சுக் கேட்டார். அப்போ சொன்னார், “அடுத்த வருஷம் படி ஏற முடியாதும்மா. ஏறவேண்டியது ஏதாச்சும் இருந்தா இந்த வருஷமே ஏறிடுங்க.”

மல்சூன் வீட்டுக்கு வந்து வாசப்படியில உக்காந்தா. டொக். கோயிலுக்குப் படி உண்டு. மண்டபத்துக்கு அதவிட உண்டு. இவ கடல ஆயுசு முழுக்கப் பாத்திருக்கா, ஆனா கீழேர்ந்துதான். முழங்கால் ஆழத்துக்குத்தான். மேலேர்ந்து கடல் எப்படி இருக்கும்னு தெரியாது. ஒரே ஒரு தடவ பாத்துடணும். அவ்வளவுதான் அவ ஆசை. பெரிய ஆசையா? நீயே சொல்லு.

“ம்ஹூம்.”

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. ஆசை இருந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. சொன்னா பலிக்காதாம். மல்சூன்தான் இத்தனை வருஷம் கேட்டே பாத்துட்டாளே. கோயில் மதில்லயோ பள்ளத்தாக்குலயோ கல்லு மேல கல்லு அடுக்குவாங்க. சின்னச் சின்னக் கோபுரமா நிக்கும். ஒருத்தர் அடுக்கினது மேல இன்னொருத்தர் வைக்கலாம், ஆனா எடுக்கக் கூடாது. இன்னொண்ணும் சொல்லுவாங்க, வழியில கிடக்கற கல்லுக்கு உன்னை யாருன்னு தெரியாது, உன் கைபட்ட கல்லா இருந்தா நல்லதுன்னு.

மல்சூன் யோசிச்சா. தன் கைபட்ட கல்லு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஜாடியத் தொறந்தா. கல்லத் தூக்கினா. புளக். நல்லாக் கழுவினா. மறுநாள் காலையில தொக்பேய ஏத்திக்கக் கரைக்கு வந்த பஸ்ஸுல, பின் சீட்டுல ஒரு குண்டம்மா இருந்தாங்க, நல்ல முகம். அவங்க கையில கொடுத்து, “கோயில் மதில்ல அடுக்கி வெச்சிருக்கற கல்லு மேல இத வெச்சுடுங்க. ஏன்னு கேக்காதீங்க”ன்னா.

குண்டம்மா கேக்கல. கல்ல மோந்து பாத்தாங்க. “கிம்ச்சி வாசனை வருதே.”

“ஆமா. வரும்.”

குண்டம்மா போனாங்க. வெச்சாங்க. கல்லு கோயிலப் பாத்துச்சு.

அப்போ வீட்டுல என்ன ஆச்சு? அமுக்க ஆளில்லாம கோஸு எல்லாம் மேல வந்துடுச்சு. புளக், புளக். தொக்பே சாப்பிட உக்காந்து ஒரு வாய் வெச்சார். கண்ண மூடினார். “என்ன இது, வேற மாதிரி இருக்கு?”

“கல்லு இல்ல.”

“கல்லு எங்க?”

“காணோம்.” பொய் சொல்லல பாரு. கண்ணால காணோம்தானே.

“கல்லு எப்படிக் காணாம போகும்? கால் முளைச்சா போகும்?”

“நீங்கதான் தினம் நாலு இடம் போறீங்களே, ஒரு கல்லு கொண்டாங்க.”

கோயில்ல என்ன நடந்துச்சுன்னு மல்சூனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். தொக்பே மறுநாள் கோயில்ல எல்லாருக்கும் கதை சொல்லி முடிச்சார். புத்தர் மாதிரி ஒரு பாறை மலை மேல இருக்கு, அதோட நிழல் கோயில் குளத்துல விழும். எல்லாரும் குளத்த எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாங்க. இவர் கல்லு தேடினார். ஓடைக்கு இறங்கினா கால் நனையும். புது செருப்பு வேற. மதில் ஓரமா நடந்தார். அங்க அடுக்கி வெச்சிருந்ததுல ஒரு கல்லு, கறுப்பா, தட்டையா, காஞ்சு சுத்தமா, கைக்கு வாகா இருந்துச்சு. இந்தப் பக்கம் பாத்தார். அந்தப் பக்கம் பாத்தார். லபக்.

“அதே கல்லா?”

அதே கல்லு. நீ கண்டுபிடிச்சுட்ட. அவர் கண்டுபிடிக்கல.

சாயந்திரம் வந்து சமையக்கட்டுல தொம்முனு வெச்சார். “பாத்தியா? நம்ம பழைய கல்லவிட நல்ல கல்லு.”

மல்சூன் பாத்தா. ஓரத்துல சின்னதா ஒரு மூக்கு உடைஞ்சிருக்கும், அந்தக் காலத்துல அவ பொண்ணு போட்டு உடைச்சது. அந்த மூக்கும் இருந்துச்சு. மல்சூன் கல்லப் பாத்தா, அவரப் பாத்தா. அவர் காலக் கழுவிக்கிட்டு இருந்தார்.

“எங்க எடுத்தீங்க?”

“ஓடையில. தண்ணிக்குள்ள இறங்கி. எப்பேர்ப்பட்ட ஜில்லு தெரியுமா?”

மல்சூன் ஒண்ணும் சொல்லல. சொன்னா ஆசையச் சொல்லணும். ஆசையச் சொன்னா பலிக்காது. கல்லத் திரும்ப ஜாடியில வெச்சா. ஒரு வாரம் கோஸு அமுங்கி இருந்துச்சு, அவளும் இருந்தா. அப்புறம் மறுபடியும் தூக்கினா. புளக். இந்தத் தடவ புதுசாக் கல்யாணமான ஒரு ஜோடி. “பள்ளத்தாக்குல வைங்க. வழியிலேர்ந்து கொஞ்சம் தள்ளி, உள்ளாற வைங்க”ன்னு சொல்லிக் கொடுத்தா. கணவாய் ரெண்டு சும்மாவும் கொடுத்தா.

அந்தப் பையன் கல்லப் புரட்டிப் பாத்து, “அக்கா, இது சாமி கல்லா?”ன்னான்.

“சாப்பாட்டுக் கல்லு.”

“அப்போ இன்னும் நல்லது”ன்னா அந்தப் பொண்ணு.

வெள்ளை வெள்ளையாப் பாறை, நடுவுல பச்சைத் தண்ணி சலசலசலன்னு ஓடும், அந்தப் பள்ளத்தாக்கு அப்படி. ஓரமெல்லாம் கல்லுக் கோபுரம். அத்தனை வெள்ளைக் கல்லுக்கு நடுவுல ஒரு கறுப்புக் கல்லு போய் உக்காந்துச்சு. எடுப்பாத் தெரிஞ்சுது. வீட்டுல கோஸு மேல வந்துச்சு. தொக்பே ஒரு வாய் வெச்சுக் கண்ண மூடினார். “திரும்பவுமா?”

“காணோம்.”

“இந்த வீட்டுல கல்லு தங்கவே மாட்டேங்குதே.”

அப்புறம் என்ன, மறுநாள் அவர் வழியிலேர்ந்து கொஞ்சம் தள்ளி, உள்ளாற போனார். யாரும் பாக்காத இடமா இருந்தாத்தானே எடுக்க முடியும்? லபக். சமையக்கட்டுல தொம். “இது அதவிட நல்ல கல்லு.”

மூணாவது தடவ மண்டபத்துக்கு. கழுத்துல காமிரா போட்ட ஒரு மனுஷன் கொண்டு போனார். மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு வயசான பைன் மரம், அதோட காலடியில கல்லுக் குவியல். வெச்சார். ஒரு போட்டோவும் எடுத்துக்கிட்டார். ரெண்டு நாள்ல தொம்.

“ம்... தொம்.”

அன்னிக்கு மல்சூன் ஜாடிக்குப் பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் அந்தக் கல்லப் பாத்துக்கிட்டே இருந்தா. கோயிலப் பாத்த கல்லு. பள்ளத்தாக்கப் பாத்த கல்லு. மண்டபத்துலேர்ந்து கடலப் பாத்த கல்லு. அவ பாக்க ஆசைப்பட்டதெல்லாம் அவளுக்குப் பதிலா இது பாத்துடுச்சு. கல்லுகிட்டக் கேட்டா, “எப்படி இருந்துச்சு?”

கல்லு சொல்லல. அது பேசற கல்லு இல்லன்னு முதல்லயே சொன்னேனே.

அவளுக்குக் கோவம் வரல. அழுகையும் வரல. எழுந்தா. டொக். கல்ல ஒரு துணியில சுத்திப் பையில போட்டா. “சரி, இனிமே உன்னை நம்பிப் பிரயோஜனம் இல்ல. நானே வர்றேன். நீ வழி காட்டு.”

மறுநாள் காலையில பக்கத்து ஜில்லாவுலேர்ந்து ஒரு பஸ்ஸு வந்துச்சு. மாதர் சங்கத்துக்காரங்க. இப்ப ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த தேசத்துல ஒரு வயசு தாண்டினா எல்லாப் பொம்பளைங்களும் முடிய வெட்டிச் சுருட்டை பண்ணிப்பாங்க. ஒரே சுருட்டை. பூப்போட்ட சட்டை. நெத்தியில நீளமா ஒரு வெயில் தடுப்புத் தொப்பி. பின்னாலேர்ந்து பாத்தா யாரு யாருன்னு அவங்க அம்மாவுக்கே தெரியாது. மல்சூனும் அதே சுருட்டை, அதே பூ, அதே தொப்பி. தொக்பே முன் படியில ஏறினார். மல்சூன் கடைசியா ஏறிப் பின் சீட்டுல உக்காந்தா.

பக்கத்துல இருந்த அம்மா பேரு போங்ஜா. ஒரு வேகவெச்ச முட்டைய உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. “நீ நம்ம சங்கமா?”

“இல்லக்கா. நான் இந்த ஊரு.”

“இந்த ஊரா? அப்ப இதெல்லாம் பாத்திருப்பியே.”

“இல்லக்கா. இந்த ஊருங்கறதால பாக்கல.”

போங்ஜா யோசிச்சாங்க. “எங்க ஊர்லயும் ஒரு குகை இருக்கு”ன்னாங்க. “நானும் பாக்கல.” பாதி முட்டைய மல்சூனுக்குக் கொடுத்தாங்க.

டுர்ர்ர்னு பஸ்ஸு கிளம்பிச்சு. தொக்பே மைக்குல பேச ஆரம்பிச்சார். அவருக்கு இவ்வளவு வார்த்தை தெரியும்னு மல்சூனுக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. வீட்டுல அவர் பேசறது ரெண்டே. சோறு போடு. நாளைக்கு.

முதல்ல கோயிலு. மல்சூன் படி ஏறினா, டொக், டொக். குளத்த எட்டிப் பாத்தா. தண்ணி அசையாம இருந்துச்சு. அதுக்குள்ள மலை தலைகீழா நின்னுச்சு. உச்சியில ஒரு பாறை, குனிஞ்சு உக்காந்த மாதிரி. புத்தர்னு எல்லாரும் கும்பிட்டாங்க. மல்சூனுக்கு அது தொக்பே சாப்பிட உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் கும்பிட்டா.

அப்புறம் பள்ளத்தாக்கு. செருப்பக் கழட்டிக் கால விட்டா. ஐயய்யோ, எலும்புக்குள்ள போற ஜில்லு! முழங்கால் வலி கொஞ்ச நேரம் என்ன பண்றதுன்னு தெரியாம நின்னு போச்சு. அப்போ தொக்பே கொடிய ஊனிக்கிட்டு எல்லாருக்கும் சொல்றார், “தாய்மாரே, ஒருத்தர் அடுக்கின கல்ல இன்னொருத்தர் எடுக்கவே கூடாது. ஒவ்வொரு கல்லுலயும் ஒருத்தரோட ஆசை இருக்கு. எடுத்தா ஆசை கலைஞ்சுடும். ரொம்பப் பாவம்.”

போங்ஜா மல்சூன் காதுல, “எவ்வளவு நல்ல மனுஷன் பாரு”ன்னாங்க.

“ம்”னா மல்சூன். இப்ப நீ சொல்றியே, அதே மாதிரி.

“ம்.”

கடைசியா மண்டபம். படின்னா படி, அப்படிப் படி. வளைஞ்சு வளைஞ்சு மேல போகுது. தொக்பே கொடியோட விறுவிறுன்னு போயிட்டார். மல்சூன் பாதியில நின்னுட்டா. முழங்கால் டொக்குன்னுகூடச் சொல்லல, சும்மா நின்னுடுச்சு. மேல பாத்தா படி. கீழ பாத்தாலும் படி. திரும்பிப் போயிடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சா. அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்லங்கறது ஞாபகம் வந்துச்சு.

போங்ஜா பின்னாலேர்ந்து ரெண்டு கையாலயும் முதுகத் தள்ளினாங்க. இன்னும் ரெண்டு பேரு முன்னாலேர்ந்து இழுத்தாங்க. அவங்க ஊர்ல பாரம் தூக்கினா, “யொங்ச்சா”ம்பாங்க, நம்ம ஐலசா மாதிரி. யொங்ச்சா! யொங்ச்சா! “பையில என்னடி வெச்சிருக்க, கல்லு மாதிரி கனக்குது?”ன்னாங்க போங்ஜா.

“கல்லுதான்க்கா.”

“மலைக்குக் கல்லு எடுத்துட்டுப் போறவ நீ ஒருத்திதான்”ன்னு சொல்லிட்டு இன்னும் பலமாத் தள்ளினாங்க. யொங்ச்சா!

ஏறிட்டா. எட்டு மூலை மண்டபம், சிவப்புத் தூணு, பச்சை நீலம் பூசின கூரை. எல்லாரும் மூச்சு வாங்கிக்கிட்டு நின்னாங்க. எதிர்ல கடலு.

மல்சூன் பாத்தா. கீழேர்ந்து பாக்கும்போது கடல் வரும், போகும், சத்தம் போடும், வேலை வெச்சுக்கிட்டே இருக்கும். மேலேர்ந்து அது ஒண்ணும் பண்ணல. சத்தமே இல்ல. அது பாட்டுக்குப் பரந்து கிடந்துச்சு. இவ்வளவு பெருசுன்னு யாரும் அவளுக்குச் சொல்லல. அவ ஒரு தூணப் பிடிச்சுக்கிட்டா.

தொக்பே கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் பேசினார், “வலது பக்கம் கலங்கரை விளக்கம். இடது பக்கம் ஆமைப் பாறை. நேரா எதிர்ல ஒண்ணும் இல்ல, அதான் இங்க விசேஷம். கடைசியா ஒண்ணு. எல்லாரும் கீழ பாருங்க. மணல்ல வெள்ளையாத் துணி காயற மாதிரி தெரியுதா? அது துணி இல்ல, கணவாய். அதுக்கு நடுவுல ஒரு சின்னப் புள்ளி நகருது பாருங்க. அது என் வீட்டுக்காரி. இப்பக் குனியும். இப்ப நிமிரும். இந்த ஜில்லாவுலயே நான் அலுக்காம பாக்கறது அத ஒண்ணுதான்.”

பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. கண்ணு மேல கைய வெச்சுக் கீழ பாத்தாங்க. மல்சூன் மட்டும் சிரிக்கல. கரையில வந்து கை ஆட்டின ஜனங்க ஒவ்வொருத்தரா அவளுக்கு ஞாபகம் வந்தாங்க.

“எங்கங்க? புள்ளியே இல்லையே”ன்னாங்க ஒருத்தங்க.

“இருக்கும். நல்லாப் பாருங்க.”

“கணவாய்தான் இருக்கு.”

தொக்பே திரும்பினார். கடலப் பாக்கத் திரும்பல, கரையப் பாக்கத் திரும்பினார். கம்பியப் பிடிச்சு எட்டிப் பாத்தார். “குனிஞ்சிருப்பா. இப்ப நிமிருவா.” எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாங்க. நிமிரல. தெக்கேர்ந்து ஒரு கறுத்த மேகம் வந்துச்சு. பட். பட். படபடபடன்னு மழை. கீழ கணவாயெல்லாம் நனையுது. யாரும் ஓடி வரல. யாரும் எடுக்கல.

“மழை வந்தும் வரலையே”ன்னார் தொக்பே. குரல் மைக்குல பேசற குரல் இல்ல. “மழை வந்தா அவ வராம இருக்க மாட்டா. காய்ச்சல்ல கூட வந்திருக்கா.” கொடி கையிலேர்ந்து விழுந்துச்சு. எடுக்கல. “நான் போறேன். அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு.”

அத்தனை சுருட்டை முடிக்கும் நடுவுல இடிச்சுக்கிட்டு ஓடினார். ஒரு கை வந்து அவர் சட்டையப் பிடிச்சுது.

“ஏங்க. புள்ளி இங்க இருக்கு.”

தொக்பே திரும்பிப் பாத்தார். தொப்பியப் பாத்தார். தொப்பிக்குக் கீழ பாத்தார். ஒரு மூச்சு விட்டார் பாரு, புஸ்ஸ்ஸ்னு, சைக்கிள் டயரு மாதிரி.

“நீ இங்க என்ன பண்ற?”

“சுத்திப் பாக்கறேன்.”

“கணவாய்?”

“நனையுது.”

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அது நனையறதப் பாத்தாங்க. அப்போ மல்சூன் கேட்டா, “ஊருக்கெல்லாம் என்னைக் காட்டியிருக்கீங்க. எனக்கு ஊரக் காட்டணும்னு தோணலையா?”

அவர் தலையச் சொறிஞ்சார். “நீ இங்க வந்துட்டா கீழ நீ இருக்க மாட்டியே. அப்புறம் இங்கேர்ந்து பாக்க என்ன இருக்கு? வெறும் தண்ணி.”

மல்சூன் தண்ணியப் பாத்தா. “தண்ணி நல்லாத்தாங்க இருக்கு.”

அப்புறம் பையத் தொறந்தா. துணியப் பிரிச்சா. “இது எந்தக் கல்லு?”

“நான் கொண்டு வந்தது.”

“எத்தனை கல்லு கொண்டு வந்தீங்க?”

“மூணு.”

“வீட்டுல எத்தனை இருக்கு?”

தொக்பே யோசிச்சார். மழை பெய்யுது. பொம்பளைங்க எல்லாம் முட்டை உரிக்கறத நிறுத்திட்டாங்க. “ஒண்ணு”ன்னார். இன்னும் கொஞ்சம் யோசிச்சார். கல்ல வாங்கினார். உள்ளங்கையில வெச்சுத் தூக்கிப் பாத்தார். ஓரத்துல அந்த உடைஞ்ச மூக்க விரலால தடவினார். அவர் முகம் சின்னதாப் போச்சு.

“ஆயிரம் கல்லு இருந்துச்சு மல்சூன். கை தானா இதுகிட்டத்தான் போச்சு. ஏன்னு நான் கேக்கல.”

“கண்ணுக்குத் தெரியாதது கைக்காச்சும் தெரிஞ்சுதே”ன்னா அவ. திட்டினாளா, கொஞ்சினாளா, எனக்குத் தெரியாது. போங்ஜா, “ஐயோ, அடுக்கி வெச்ச கல்ல எடுத்தது நீயா? நல்ல மனுஷன்னு சொன்னேனே!”ன்னு அவர் முதுகுல ஒண்ணு வெச்சாங்க. பளார்.

இறங்கும்போது படியில முழங்கால் மறுபடியும் நின்னுடுச்சு. தொக்பே குனிஞ்சு முதுகக் காட்டினார். மல்சூன் ஏறிக்கிட்டா. கொடிய அவ பிடிச்சுக்கிட்டா. எல்லாரும் கொடியப் பாத்துப் பின்னால வந்தாங்க.

கணவாய் போச்சு. அத்தனையும் ஈரம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ரொம்ப நாளைக்கு அதத்தான் சாப்பிட்டாங்க, சவக் சவக்னு. கல்லு ஜாடிக்குள்ள போச்சு. புளக். கோஸு அடங்கிச்சு. அதுக்கு இப்ப ஆசை ஒண்ணும் பாக்கி இல்லையே, நிம்மதியா அமுக்கிச்சு.

அந்த வருஷம் முழங்கால் இருந்தவரைக்கும், மாதர் சங்கம் வர்ற அன்னிக்கெல்லாம் மல்சூன் கொடிய எடுத்துக்கிட்டு மேல போவா. தொக்பே கீழ கணவாய்கிட்ட நிப்பார். அவ எல்லாருக்கும் சொல்லுவா, “வலது பக்கம் கலங்கரை விளக்கம். இடது பக்கம் ஆமைப் பாறை. கீழ ஒரு புள்ளி நகராம நிக்குது பாருங்க. அது என் வீட்டுக்காரர்.”

அடுத்த வருஷம் வைத்தியர் சொன்னபடியே ஆச்சு. படி ஏற முடியல. மல்சூன் கீழயே இருந்தா. ஆனா மத்தியானம் கணவாய்க் காலப் பிரிச்சு விட்டுக்கிட்டே இருக்கறவ, திடீர்னு நிமிர்ந்து, மேல மண்டபத்தப் பாத்து ரெண்டு கையும் தூக்கி ஆட்டுவா. அவ்வளவு தூரத்துல அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மஞ்சளா ஏதோ ஆடற மாதிரி இருக்கும். அது கொடிதான். இப்ப அவர் கடலுக்கு முதுகக் காட்டறதில்ல. அவ பாத்த தண்ணிய முதல்ல காட்டிட்டு, அப்புறம்தான் புள்ளியக் காட்டறார்.

ம் கொட்டலையே நீ. கண்ணு? சரி.

கல்லு ஜாடியில அடங்கியாச்சு, கதை என் வாயில அடங்கியாச்சு. நீயும் போர்வைக்குள்ள அடங்கிக்கோ.